ஒன்பதாம் பக்கத்தில் நாலு வரி

பத்திரிகைகளுக்குக் கை கால் இருந்த ஒரு நாட்டில், அவற்றுக்கென்று ஒரு சங்கமும் இருந்தது. நாடு முழுவதற்கும் அது ஒன்றுதான். அதன் செயலாளர் சணல் கயிறு. எந்தப் பத்திரிகையானாலும் கட்டாகக் கட்டி ஊருக்கு அனுப்புவது அதன் தொழில். ஆகவே யார் பக்கமும் சாயாது என்று நம்பி அந்தப் பொறுப்பைக் கொடுத்திருந்தன. வருஷத்துக்கு ஒரு தரம் சங்கம் கூடும். வடை சாப்பிட்டு, காகித விலையைத் திட்டி, வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டு கலைந்துவிடும். மற்ற நாளெல்லாம் கீரியும் பாம்பும்தான்.

அவற்றுக்குள் ஒரு வழக்கம் உண்டு. போட்டிப் பத்திரிகையின் பெயரை அச்சில் ஏற்றக் கூடாது. சொல்லியே தீரவேண்டுமென்றால் 'ஒரு பத்திரிகை' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடும். புருஷன் பேரைச் சொல்லாத பெண்டாட்டிக்காவது மரியாதை காரணம். இவற்றுக்கு வயிற்றெரிச்சல் காரணம்.

மலையடிவாரத்து ஊரொன்றில் தும்பை என்று ஒரு நாலு பக்கப் பத்திரிகை இருந்தது. ஆற்றின்மேல் புதிதாகக் கட்டிய பாலத்தில் மூன்றாவது தூண் விரிசல் விட்டிருக்கிறது என்று அது ஒருநாள் எழுதியது. அந்தப் பாலத்துக்கு அனுமதி கொடுத்தது அரசாங்க முத்திரை. முத்திரைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கட்டுகள் கடைக்குப் போகுமுன்பே அவற்றைப் பறித்துக்கொண்டது. தும்பைக்குக் கொடுத்துவந்த காகிதத்தையும் நிறுத்தியது. ஏழு நாள் தொடர்ந்து வெளிவராத பத்திரிகை செத்ததற்குச் சமம் என்பது அந்த நாட்டுச் சட்டம்.

மற்ற பத்திரிகைகள் இதைப் போடாமல் இல்லை. ஒன்பதாம் பக்கத்தில், 'ஒரு பத்திரிகை மீது நடவடிக்கை' என்று நாலு வரி போட்டன. ஊரைச் சொன்னால் பத்திரிகை எது என்று தெரிந்துவிடும். பாலத்தைச் சொன்னால் ஊர் தெரிந்துவிடும். எனவே இரண்டையும் சொல்லவில்லை. படித்தவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போனார்கள்.

முத்திரை சிரித்தது. "பேர் இல்லாத பிணத்துக்கு யாரு அழுவா?" என்றது.

ஆறாம் நாள் காலையில் தும்பை தலைநகருக்கு வந்து சணல் கயிற்றின் முன் நின்றது. தன் ஆயுள் முடிவது கிடக்கட்டும், அந்தப் பாலத்தில் தினமும் பேருந்து ஓடுகிறதே, அதை முதலில் நிறுத்தவேண்டும் என்று சொன்னது. கயிறு அன்றைக்கே எல்லாவற்றையும் கூட்டியது. வடை இல்லாமல் நடந்த முதல் கூட்டம் அது.

இருபது பக்கத்தில் கொழுகொழுவென்று இருந்த பேரிகை, மிகவும் வருந்துவதாகச் சொல்லி, ஒரு கண்டனத் தீர்மானம் போடலாம் என்றது. மாலைப் பத்திரிகையான மின்மினி அதை வழிமொழிந்தது. கயிறு தலையாட்டவில்லை.

"தீர்மானம் பாலத்தைத் தாங்காதுங்க. நாளைக்கு எல்லாரும் உங்க முதல் பக்கத்தைத் தும்பைக்கு விட்டுக்கொடுங்க. மேல அது பேரு, கீழ அது எழுதின செய்தி. அதுக்குக் காகிதம் இல்லேன்னா என்ன, உங்க காகிதத்துல வரட்டும்."

"என் முதல் பக்கத்துல இன்னொருத்தர் பேரா?" என்றது பேரிகை. "வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல."

"இருக்குங்க. ஒருநாள் முத்திரை உங்க வாசலுக்கும் வரும். நாட்டுக்குத் தெரியட்டும்னு நான் இவங்ககிட்ட வந்து நிப்பேன். இவங்களும் வழக்கப்படிதான் போடுவாங்க. 'ஒரு பத்திரிகை மீது நடவடிக்கை.' ஒன்பதாம் பக்கத்துல நாலு வரி."

சாவதையாவது பேரிகை எப்படியோ பொறுத்துக்கொள்ளும். பெயர் இல்லாமல் சாவதை அதனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கயிற்றின் பக்கம் திரும்பி, "தும்பைங்கிற பேரை எந்த அளவு எழுத்துல போடணும்?" என்று கேட்டது.

ஏழாம் நாள் பொழுது விடிந்தபோது, நாடு முழுக்கத் தும்பையாகப் பூத்திருந்தது. காலைப் பத்திரிகை எதைப் பிரித்தாலும் தும்பை. முத்திரை ஓடி ஓடித் தடை குத்தியது. எத்தனை கட்டுக்குத்தான் குத்தும்? பத்து மணிக்குள் அதன் மை காய்ந்துபோனது. எண்ணூறு பிரதி விற்றுவந்த தும்பை அன்று நாற்பது லட்சம் பிரதி வந்திருந்தது. சட்டப்படி அதற்கு உயிர் இருந்தது.

அதே காலையில், தொலைவூர்ப் பேருந்து நிலையத்தில் டீ குடித்தபடியே பேரிகையைப் பிரித்திருந்தார் ஓட்டுநர் அருளப்பன். நாற்பத்திரண்டு பயணிகளோடு வந்தவர், பாலத்தின் முனையில் வண்டியை நிறுத்தினார்.

"எல்லாரும் இறங்குங்க. இதுக்கு மேல வண்டி போகாது."

யார் சொன்னது என்று பயணிகள் சண்டைக்கு வந்தார்கள். அவர் பத்திரிகையைத் தூக்கிக் காட்டினார்.

"தும்பை சொல்லியிருக்கு."

மத்தியானம் பொறியாளர்கள் வந்து தூணைத் தட்டிப் பார்த்தார்கள். காரை பொலபொலவென்று உதிர்ந்தது. சாயங்காலம் பாலத்தை மூடும் உத்தரவிலும், தும்பைக்குக் காகிதம் கொடுக்கும் உத்தரவிலும் முத்திரையே வந்து குந்தவேண்டியதாயிற்று. கயிற்றைக் கட்டிக்கொண்டு தும்பை அழுதது. மின்மினியும் அழுதது. பேரிகை மட்டும், கண்ணில் தூசி என்றது.

எட்டாம் நாளே பத்திரிகைகள் பழையபடி அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டன. ஆனால் அதற்குப் பிறகு எந்தப் பத்திரிகைமேல் கோபம் வந்தாலும், முத்திரை முதலில் ஆள் அனுப்பி ஒன்றே ஒன்றை விசாரித்துக்கொள்ளும்.

"சணல் கயிறு ஊர்லதான் இருக்கா?"