ஒன்றும் இல்லாத லேப்டாப்

"மறுபடியும் இல்லைங்குது, மேடம்."

அருளப்பன் கதவருகிலேயே நின்றார். சட்டையிலிருந்து மழைநீர் சொட்டியது.

அணை வேலைக்கு அவர் வந்து இருபத்தாறு வருடம். கணினி கற்றது போன வருடம்தான், தன்னைவிட இருபது வயது இளையவரான மெஹருன்னிசாவிடம்.

"என்ன இல்லைங்குது?" என்றார் மெஹருன்னிசா.

"புது சர்வர் முதல்ல ஒரு மாட்யூல் கேட்டுச்சு. கொண்டுபோனேன். அது இன்னொண்ணைக் கேட்டுச்சு. அதையும் கொண்டுபோனேன். இப்ப மூணாவதா ஒண்ணு."

சர்வர் அணையின் மறுகரையில், ஷட்டர் அறையில் இருந்தது. அதில் இணையம் கிடையாது, இருக்கவும் கூடாது. மாட்யூல் என்கிற துணைப் புரோகிராம் எதுவானாலும் இந்தக் கரை அலுவலகத்தில் அருளப்பனின் லேப்டாப்பில் இறக்கி, பென் டிரைவில் போட்டு, அணைமேல் நடந்து எடுத்துப்போக வேண்டும்.

பழைய சர்வர் காலையில் பழுதாகிவிட்டது. எத்தனை ஷட்டர், எவ்வளவு திறக்கலாம் என்று கணக்குச் சொல்லும் புரோகிராம் புதியதில் இன்னும் ஓடவில்லை.

நீர்மட்டம் நூற்றுப் பதினெட்டு அடி. நூற்றிருபதைத் தொடுமுன் திறந்தாக வேண்டும். கணக்கில்லாமல் திறந்தால், கீழே ஆற்றோரத்தில் அறுபது வீடுகள்.

"என் போனை சர்வர்ல சொருகி நெட் கொடுத்துடறேன். அஞ்சு நிமிஷ வேலை."

"ஷட்டர் மோட்டாரெல்லாம் அந்த சர்வர் பிடியிலதான் இருக்கு, அண்ணே. நெட் வழியா யாராவது உள்ளே புகுந்துடலாம். வேண்டாம்."

"தண்ணி ஏறிட்டே இருக்கு, மேடம்."

"உங்க லேப்டாப்புல என்னன்னு கேட்டீங்க?"

"இது ஓட இன்னும் என்னென்ன குறையுதோ, எல்லாத்தையும் சேர்த்து இறக்குன்னுதான். ரெண்டு தடவையும் அப்படித்தான் கேட்டேன். சர்வர் கேட்ட அந்த ஒண்ணை மட்டும்தான் இறக்குச்சு."

மெஹருன்னிசா எழுந்து அலமாரியைத் திறந்தார். வேறொரு லேப்டாப்பை எடுத்து மேசையில் வைத்தார். சர்வருக்குப் போட்ட அதே ஆபரேட்டிங் சிஸ்டத்தை மட்டும் போட்டு, யாரும் தொடாமல் வைத்திருந்தது.

"இதுகிட்ட கேளுங்க."

"இதுல ஒண்ணுமே இல்லையே."

அவர் லேப்டாப்பை அருளப்பன் பக்கம் திருப்பினார்.

அருளப்பனுக்குக் கோபம் வந்தது. அடக்கிக்கொண்டு உட்கார்ந்து, அதே வரியைத் தட்டினார்.

திரையில் மாட்யூல்களின் பெயர்கள் ஓடத் தொடங்கின. நிற்கவில்லை. மொத்தம் இருபத்து மூன்று.

எல்லாவற்றையும் ஏற்றிய பென் டிரைவைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினார். அணைமேல் காற்று ஆளைத் தள்ளியது. அளவுகோலில் நூற்றுப் பத்தொன்பதைத் தாண்டியிருந்தது.

சர்வர் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. கடைசியில் கணக்கு வந்தது: மூன்று ஷட்டர், ஓரடி.

சங்கு ஊதியது. ஷட்டர்கள் உயர்ந்தன.

அரைமணி கழித்துக் கீழேயிருந்து தகவல் வந்தது. தண்ணீர் வீட்டு வாசல்களுக்கு ஒரு முழம் கீழே நின்றுவிட்டது.

அருளப்பன் நாற்காலியில் சாய்ந்தார். ஷட்டர் அறை போனை எடுத்து அக்கரைக்குப் பேசினார்.

"மேடம், இதே கேள்வியைத்தானே என் லேப்டாப்புலயும் கேட்டேன். அது ஏன் இதையெல்லாம் தரலை?"

"என்ன குறையுதுன்னு கேட்டா, அதுகிட்டதான் எல்லாம் ஏற்கெனவே இருந்துச்சே, அண்ணே."