முதலில் சேதி சொன்னவர்

ஆற்றுக்கு அக்கரையில் ஓர் ஆசிரமம். பெரிதாக ஒன்றுமில்லை. ஓடு வேய்ந்த ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, பின்பக்கம் நாலு வாழை. அங்கே குருவாக இருந்தவரை நாச்சியாரம்மா என்பார்கள். நாற்பது வயதைத் தாண்டாத பெண். அவருடைய சீடர் தாண்டவராயனுக்கோ அறுபத்தைந்து. வயதில் மூத்த சீடர் குருவை "அம்மா" என்பார். குரு சீடரை "ஐயா" என்பார். இரண்டும் அங்கே யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

தாண்டவராயன் வாழ்நாளெல்லாம் பேப்பர் ஏஜெண்டாக இருந்தவர். ஊர் கண்விழிக்கும் முன்னே ஊருக்குச் சேதி கொண்டு போனவர். "எந்தப் பெரிய மனுஷன் கண்ணை மூடினாலும் இந்த ஊர்லே முதல்ல தெரியறது எனக்குத்தான்" என்று சொல்லிச் சிரிப்பார். வயதானதும் பேப்பர் போடுவதை விட்டார். சேதியை விட முடியவில்லை.

ஆசிரமத்து அன்பர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதற்குச் சில விதிகளும் உண்டு. ஒரு வீட்டில் துக்கம் என்றால், அந்த வீட்டார் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் குழுவில் போடலாம் என்பது அதில் ஒன்று.

ஒருநாள் காலை, சமையலுக்கு அவரைக்காய் நறுக்கும்போது தாண்டவராயன் கேட்டார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க ஐயா. கை நிக்க வேண்டாம்."

"பொய் போடக்கூடாதுங்கறோம். சரி. சண்டை கூடாது, அரசியல் கூடாது. அதுவும் சரி. உண்மையைச் சொல்றதுக்கு எதுக்கும்மா வரிசை?"

"யார் சொன்னா என்ன, சேதி ஒண்ணுதானேன்னு கேக்கறீங்க."

"ஆமா. போனவர் போனவர்தான். சீக்கிரம் தெரிஞ்சா நாலு பேர் பிரார்த்தனை பண்ணுவாங்க. அதுல என்ன கெடுதல்?"

நாச்சியாரம்மா ஒரு காயின் நாரை உரித்துக் கீழே போட்டார்.

"எனக்கு விளக்கத் தெரியலை ஐயா. விதியை மட்டும் வச்சுக்குங்க. காரணம் பின்னால வரும்."

"வராட்டி?"

"வராம இருந்தா ரொம்ப நல்லது."

தாண்டவராயன் சிரித்தார். பதில் தெரியாதபோது குருமார்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த நேரம் கலியமூர்த்தி என்கிற அன்பர் டவுன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். வெள்ளிக்கிழமை வழிபாட்டில் தாளம் போடுகிறவர். நெஞ்சுவலி என்று சேர்த்திருந்தார்கள். ஆசிரமத்தில் தினமும் அவர் பேரைச் சொல்லி விளக்கேற்றி வந்தார்கள்.

மத்தியானம் சாப்பாடு முடிந்து எல்லோரும் கைகழுவிக்கொண்டிருந்தார்கள். தாண்டவராயனுக்கு ஒரு போன் வந்தது. அக்கா மகன். அதே ஆஸ்பத்திரியில் மருந்துக்கடையில் வேலை.

"மாமா, உங்க ஆசிரமத்துக் கலியமூர்த்தி இப்பத்தான் முடிஞ்சுது. டாக்டர் சொல்லிட்டார். மகன் வெளியே போயிருக்கான்."

"நிச்சயமாத் தெரியுமாடா?"

"கண்ணால பார்த்தேன் மாமா."

தாண்டவராயனுக்குத் துக்கம்தான். இல்லை என்று சொல்ல முடியாது. கண்கூடக் கலங்கியது. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. வழிபாட்டில் எடுத்த கலியமூர்த்தியின் படம் ஒன்று போனில் இருந்தது. மாலையும் இரண்டு பக்கமும் குத்துவிளக்கும் தானாக வந்து சேர்கிற ஒரு ஆப்பும் இருந்தது. படத்தை அதில் பொருத்தி, "நம் அன்பர் கலியமூர்த்தி இறைவனடி சேர்ந்தார்" என்று எழுதி, குழுவில் போட்டார்.

ஒரு கும்பிடு வந்தது. அடுத்து இரண்டு. அப்புறம் மழைத்தூறல் மாதிரி வரிசையாக வந்தது. சிங்கப்பூரில் இருக்கும் அன்பர்கூட, "உங்களால்தான் தெரிந்தது ஐயா" என்று எழுதினார். தாண்டவராயன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

உடனே போன் அடித்தது.

"தாண்டவண்ணே, மரகதம் பேசறேன்."

மரகதம் கலியமூர்த்தியின் மனைவி. அவளும் அந்தக் குழுவில் இருக்கிறாள் என்பது அந்த நிமிஷம்தான் தாண்டவராயனுக்கு உறைத்தது.

"சொல்லும்மா."

"குழுவுல அவர் படம் வந்திருக்கு அண்ணே. மாலையெல்லாம் போட்டு. பக்கத்துல உங்க முகம் தெரியுது."

தாண்டவராயன் போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"கண்ணாடி இல்லாம கீழ எழுதினதைப் படிக்க முடியலை. ஆசிரமத்துல அவர் பேருக்கு ஏதும் பூசையா?"

மரகதமே தொடர்ந்தாள்.

"காலையிலே பெரியவன் பேசினான். அப்பா நல்லாத்தான் இருக்கார், கஞ்சி கேக்கறார்னான். வந்து எடுத்துட்டுப் போறேன்னான். பச்சைப்பயறு போட்டு அடுப்புல வச்சிருக்கேன்."

கூடத்தில் யாரோ ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்த சத்தம் கேட்டது.

"அண்ணே, சும்மாதானே போட்டீங்க?"

யாரோ தாண்டவராயன் கையிலிருந்து போனை வாங்கினார்கள். குழுவில் படத்தைப் பார்த்துவிட்டு வந்த நாச்சியாரம்மா.

"மரகதம், நான் நாச்சியார். தனியாவா இருக்கே? சரி. அடுப்பை அணைச்சுட்டுக் கீழே உட்காரு. உட்கார்ந்துட்டியா? நான் வந்துட்டே இருக்கேன்."

அடுத்து மரகதத்தின் பக்கத்து வீட்டுக் கதீஜாவைக் கூப்பிட்டார். "உடனே அவ வீட்டுக்குப் போ. கையைப் பிடிச்சுக்கிட்டு உட்காரு. ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

தாண்டவராயனைப் பார்த்து, "செருப்பைப் போட்டுக்குங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பாலம் தாண்டி நடந்தார்கள். ஊருக்குள் நுழையும் இடத்தில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. ரயில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை இல்லை. தாண்டவராயன் குனிந்து கம்பிக்கு அடியில் தலையை நுழைத்தார். நாச்சியாரம்மா அவர் தோளைப் பிடித்தார்.

"அந்தப் பொண்ணு அங்கே தவிக்குதும்மா. இப்பவுமா விதி?"

"இப்பத்தான் ஐயா."

நின்றார்கள். தாண்டவராயனுக்கு, தன் அப்பா போன நாள் ஞாபகம் வந்தது. சேதி சொல்ல வந்தவர் வாசலில் சைக்கிளை நிறுத்தி, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல், "அப்பாவுக்கு ஒடம்பு கொஞ்சம் சரியில்லை தம்பி, கிளம்பு" என்றுதான் சொன்னார். பஸ்ஸில் பாதி தூரம் போனதும், "கொஞ்சம் சீரியஸ்தான்" என்றார். ஊர் எல்லையில் இறங்கும்போது தோளில் கை போட்டுக்கொண்டார். அந்தக் கை இருந்ததால்தான் அன்று கால் தரையில் பாவியது. அவர் பொய் சொன்னார் என்று இத்தனை வருஷத்தில் ஒருநாளும் தோன்றியதில்லை.

அதற்குள் வளைவிலிருந்து ஒரு கூட்ஸ் வண்டி பெரும் சத்தத்தோடு வந்தது. கம்பி அதிர அதிர, பெட்டி பெட்டியாக அவர்கள் முன்னால் போனது.

வீட்டு வாசல் திறந்திருந்தது. கஞ்சி அடிப்பிடித்த வாடை தெருவரை வந்தது. உள்ளே தரையில் மரகதம் உட்கார்ந்திருந்தாள். கதீஜா அவள் ஒரு கையைப் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் போன் இருந்தது. மூக்கில் இப்போது கண்ணாடி இருந்தது.

போனில் 'டிங்' என்று ஒரு சத்தம் வந்தது. மரகதம் குனிந்து பார்த்தாள். ஒரு கும்பிடு. மறுபடியும் சத்தம். மறுபடியும் குனிந்தாள். இன்னொரு கும்பிடு.

"அப்போதிலேருந்து இப்படித்தான் பார்த்துக்கிட்டிருக்கா" என்றாள் கதீஜா. "பிடுங்கினாலும் தரமாட்டேங்கறா."

தாண்டவராயன் நிலைப்படியைத் தாண்டவில்லை. அவர் கால் தாண்டவில்லை.

நாச்சியாரம்மா போய் மரகதத்தின் மறுபக்கம் உட்கார்ந்தார். போனை வாங்கவில்லை. அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டார்.

அப்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பெரிய மகன் இளவழகன் இறங்கினான். கூடவே ஒரு வயதான அம்மாள். மரகதத்தின் அக்கா. பக்கத்து ஊர் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். வழியெல்லாம் அழுதிருக்க வேண்டும், முகம் வீங்கியிருந்தது. ஆனால் இறங்கியதும் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினான். துடைத்தான். மூச்சை இழுத்து விட்டான். தாண்டவராயனை அவன் கவனிக்கவே இல்லை. என்ன சொல்ல வேண்டும் என்று உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டது தாண்டவராயனுக்கு மட்டும் தெரிந்தது.

உள்ளே போய் அம்மாவின் முன்னால் மண்டியிட்டான்.

"அம்மா, பெரியம்மா வந்திருக்காங்க பாரு. அப்பாவுக்குக் கொஞ்சம்..."

"தெரியும்ப்பா" என்றாள் மரகதம். "குழுவுல வந்துது."

அணைப்பதற்காக நீட்டிய பெரியம்மாவின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. இளவழகன் அம்மாவையே பார்த்தான். சொல்ல வைத்திருந்த வார்த்தைகள் அவன் வாயிலேயே இருந்தன. போனில் மறுபடி ஒரு சத்தம் வந்தது.

தாண்டவராயன் தெருவுக்கு வந்துவிட்டார். வேப்பமரத்தடியில் நின்று தன் போனை எடுத்தார். படத்தின்மேல் அழுத்தினார். 'அனைவருக்கும் நீக்கு' என்று வந்தது. அதையும் அழுத்தினார். மாலையும் விளக்கும் கலியமூர்த்தியும் போய்விட்டார்கள். கீழே அத்தனை கும்பிடுகள் மட்டும், யாரைக் கும்பிடுகிறோம் என்று தெரியாமல், அப்படியே நின்றன.

வெகுநேரம் கழித்து நாச்சியாரம்மா வெளியே வந்தார். சேலைத் தலைப்பு ஒரு பக்கம் நனைந்திருந்தது. உள்ளே இப்போது மரகதம் வாய்விட்டு அழுகிற குரல் கேட்டது.

"அம்மா" என்றார் தாண்டவராயன்.

"சொல்லுங்க ஐயா."

"நான் போட்டது பொய் இல்லையேம்மா."

"இல்லை."

"நல்ல மனசோடதான் போட்டேன்."

"தெரியும்."

"அதை எடுத்துட்டேன் அம்மா. எல்லாருக்கும் நீக்கிட்டேன். இனிமே யாரும் பார்க்க முடியாது."

நாச்சியாரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். குரலில் கோபம் இல்லை.

"மரகதத்துக்கும் நீங்கிடுச்சா ஐயா?"