ஒரே தட்டில் ஒரு முட்பூ

"தாயே, என் மனசு ஏன் ஆறவே மாட்டேங்குது?"

வேதவல்லி கேட்டாள். மலைக்கு வந்த நாளிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விதான்.

ஞானம்மா அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள்.

"கூடையில முட்பூ இருக்கு, அக்கா. சுத்தம் பண்ணி வைங்க."

ஞானம்மாவுக்கு வேதவல்லியைவிட இருபது வயது குறைவாவது இருக்கும். ஆனாலும் அந்தச் சிறிய மடத்தில் அவள்தான் குரு. வயதானவர்கள்கூட அவளைத் தாயே என்றுதான் அழைத்தார்கள். அவள் அவர்களை அக்கா என்றும் அண்ணே என்றும் கூப்பிட்டாள்.

வேதவல்லி கூடையை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆர்டிசோக் என்று கீழே கடைவீதியில் சொல்வார்கள். பார்க்கத் தாமரை மொட்டு. ஆனால் கல் மாதிரி கனம், செதில் செதிலாக இதழ், இதழ் நுனியில் முள். மடத்துக்காரர்கள் அதற்கு முட்பூ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

காம்பை நறுக்கினாள். அடியில் முற்றிப்போன இதழ்களைப் பிய்த்து எறிந்தாள். மற்ற இதழ்களின் முள்ளை ஒவ்வொன்றாகக் கத்தரித்தாள். வெட்டிய இடத்திலெல்லாம் எலுமிச்சம்பழ மூடியைத் தேய்த்தாள். தேய்க்காவிட்டால் கறுத்துவிடும்.

மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. கேட்டுக்கொண்டெல்லாம் வராது, அது பாட்டுக்கு வரும். அடுப்புப் புகை எது, மேகம் எது என்று தெரியாமல் சமையல்கட்டு வெளுத்துப்போனது.

"வேற யாராவது குருவா இருந்தா இந்நேரம் ஒரு மந்திரமாவது சொல்லிக் கொடுத்திருப்பாங்க" என்றாள் வேதவல்லி.

"ஆமா" என்றாள் ஞானம்மா.

அப்போது வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

மேகத்துக்குள் ஒரு சிவப்புக் குடை தெரிந்தது. குடைக்குக் கீழே கீர்த்தனா.

வேதவல்லியின் கையிலிருந்து கத்தரி நழுவியது.

அவளுடைய மருமகள். மகன் முகுந்தனின் மனைவி. முகுந்தன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பெங்களூர் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்திருக்கிறான். வேதவல்லிக்கு யாரும் சொல்லவில்லை. அவள் போய்ச் சேர்ந்தபோது அவனை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். அன்றைக்கு மருமகளிடம் நிறுத்திய பேச்சுதான்.

"நான் இல்லன்னு சொல்லிடுங்க, தாயே."

ஞானம்மா வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"உள்ள வாம்மா! உங்க அத்தை இல்லன்னு சொல்லச் சொல்றாங்க."

கீர்த்தனா உள்ளே வந்தாள். இளைத்திருந்தாள். காலில் சேறு. எங்கே நிற்பது என்று தெரியாமல் ஈரக் குடையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"உட்காரு" என்றாள் ஞானம்மா. "பசியோட வந்திருப்பே."

கூடையில் சின்னதாக ஒரு பிஞ்சு கிடந்தது. அதை எடுத்து, வெளி இதழ்களைப் பிய்த்துவிட்டு, மெல்லிசாகச் சீவினாள். உப்புத் தூவி எலுமிச்சை பிழிந்தாள். வேகவைக்கவில்லை. பச்சையாகவே ஒரு கிண்ணத்தில் போட்டு நீட்டினாள்.

கீர்த்தனா ஒரு துண்டை மென்றாள். முகம் சுளித்தது. கசப்பைத் துப்பவும் கூச்சமாக இருந்திருக்கும். விழுங்கினாள்.

ஞானம்மா ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள்.

ஒரு வாய் குடித்தாள். நிறுத்தினாள். டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

"தண்ணி இனிக்குது, அத்தை."

தன்னையறியாமல்தான் சொல்லியிருந்தாள். சொன்ன பிறகு பயந்துபோனாள்.

"பச்சையாத் தின்னா அப்படித்தான் இருக்கும்" என்றாள் வேதவல்லி. அதுவும் தன்னையறியாமல்தான்.

வெளியே மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. எங்கோ ஒரு மாட்டின் மணி கேட்டது. அது மேலேயிருந்து வருகிறதா கீழேயிருந்து வருகிறதா என்று தெரியவில்லை.

வெகு நேரம் கழித்து ஞானம்மா, மற்ற முட்பூக்களை வேகப் போட்டிருந்த பானையைத் திறந்தாள். ஒரு இதழைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். சுலபமாகக் கையோடு வந்தது. பூவை அப்படியே எடுத்து ஒரு தட்டில் வைத்து, இருவருக்கும் நடுவே தள்ளினாள்.

"ஒண்ணுதான் வெந்திருக்கு. ரெண்டு பேரும் சாப்பிடுங்க."

சொல்லிவிட்டு மூலையில் போய் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தாள்.

முட்பூவை அவசரமாகத் தின்ன முடியாது. ஒரு இதழைப் பிய்த்து, அதன் அடிப்பாகத்தை மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே வைத்து இழுக்க வேண்டும். ஒட்டியிருக்கும் கொஞ்சூண்டு சதை நாக்கில் நிற்கும். சக்கையை எறிந்துவிட்டு அடுத்த இதழ்.

வேதவல்லி ஒன்று இழுத்தாள். கீர்த்தனா பார்த்து, அதே மாதிரி ஒன்று இழுத்தாள்.

ஒன்று இவள். ஒன்று அவள். சக்கைகள் தட்டோரத்தில் குவிந்தன.

"ஒரு போன்" என்றாள் வேதவல்லி. "ஒரே ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

கீர்த்தனா கையிலிருந்த இதழைப் பார்த்தாள்.

"அவர்தான் வேண்டாம்னார். நல்லானதும் நானே அம்மாகிட்ட பேசறேன்னார்."

"அவன் சொல்லுவான். உனக்கு எங்க போச்சு புத்தி?"

"போனை எடுத்தேன் அத்தை. தினமும் எடுத்தேன். உங்ககிட்ட சொல்லிட்டா அது நெசமாயிடும்னு பயம்."

வேதவல்லி இன்னொரு இதழை இழுத்தாள். உள்ளே போகப் போக இதழ்கள் வெளுத்து மெலிந்துகொண்டே வந்தன. கடைசி இதழ்களில் முள்கூட இல்லை. ஈசல் சிறகு மாதிரி இருந்தன.

இதழ்கள் தீர்ந்தன. நடுவில் பஞ்சு போல ரோமம். கீர்த்தனா அதில் விரல் வைத்தாள்.

"அதைத் தின்னாதே. தொண்டையில சிக்கிக்கும்."

வேதவல்லி கரண்டியால் ரோமத்தைச் சுரண்டி எடுத்தாள். அடியில் வெண்ணெய் நிறத்தில் குருத்து. உள்ளங்கை அகலத்துக்கு, ஒரு சின்ன அகல் மாதிரி. அதை இரண்டாக நறுக்கி ஒரு பாதியை மருமகள் பக்கம் நகர்த்தினாள்.

கீர்த்தனா அதைத் தொடவில்லை.

"அத்தை, நான் ஒண்ணு சொல்லத்தான் வந்தேன்."

"சொல்லு."

"கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

அரிசிக் கல் பொறுக்கும் சத்தம் நின்றது.

"இன்னும் யார்கிட்டயும் சொல்லல" என்றாள் கீர்த்தனா. "அம்மாகிட்டகூட. இந்தத் தடவை உங்ககிட்டதான் முதல்ல சொல்லணும்னு பஸ் ஏறி வந்துட்டேன்."

வேதவல்லிக்கு எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. எழுந்தும்விட்டாள். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. ஒரு எட்டு வைத்தால் கரைந்துவிடுவாள் போலிருந்தது.

திரும்பினாள்.

"தாயே! ஒரு தடவையாவது எனக்கு நேராப் பதில் சொல்லுங்க. இவ செஞ்சது தப்பா, இல்லையா? என் பிள்ளையைப் பறிகொடுத்துட்டு நிக்கிறது நான்தானே?"

ஞானம்மா முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து தட்டின் முன்னால் குந்தினாள். சக்கைக் குவியலைக் கையால் பரப்பிவிட்டாள். எல்லா இதழிலும் பல் இழுத்த கோடுகள்.

"இதுல உங்க பல் பட்டது எது, அவ பல் பட்டது எது? தனித்தனியாப் பிரிச்சு வைங்க, அக்கா. சொல்றேன்."

வேதவல்லி குனிந்தாள்.

ஒன்றை எடுத்தாள். மேகத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கீழே வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். அதையும் எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

பிறகு அந்த இதழைக் குவியலிலேயே போட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மருமகளுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"பையன் பேரு என்ன?" என்று கேட்டாள்.