கீறல் விழாத கார்

கோயமுத்தூர் நஞ்சப்பருக்கு மில் மூன்று, ரேஸ் கார் ஒன்று, விரலுக்கொரு மோதிரம். காரை ஓட்டும் திலகாவை விரட்டிவிட்டு மருமகனை உட்கார வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அந்த வருஷத்தின் கடைசிப் பந்தயத்தன்று காருக்குப் பூஜை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்த கையோடு மைக்கைப் பிடித்தார்.

"ஜெயிக்கோணும். ஆனா புதுப் பெயிண்ட்டுல ஒரு கீறல் விழக்கூடாது. கீறல் போட்டவங்க அப்புறம் இந்தக் காரைத் தொடவே கூடாது!"

கார்கள் இடித்துக்கொண்டு ஓடும் பந்தயம் அது.

"சரிங்க," என்றாள் திலகா. "யாரா இருந்தாலும்னு ஒரு வார்த்தை சேத்திச் சொல்லிப்போடுங்க."

"யாரா இருந்தாலும்!" என்று முழங்கினார்.

பந்தயம் ஆரம்பித்ததும் திலகா வேண்டுமென்றே பின்தங்கினாள். முதல் வளைவிலேயே நான் முந்தி நீ முந்தி என்று பாய்ந்தவர்களெல்லாம் முட்டிக்கொண்டு மண்ணில் இறங்க, அவள் நடுவே நோகாமல் நுழைந்து போய்க் கோப்பையைத் தூக்கினாள்.

நஞ்சப்பர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒன்றும் அகப்படவில்லை.

"போட்டோ எடுக்கறாங்க. மொதலாளி பானட் மேல ஏறி உக்காந்தாத்தானுங்க கெத்து," என்றாள்.

அவர் உச்சி குளிர்ந்து, கையை ஊன்றி ஏறினார். மோதிரங்கள் புதுப் பெயிண்ட்டில் கிரீச்சென்று கோடு இழுத்தன.

திலகா மைக்கை மட்டும் அவரிடம் நீட்டினாள்.

அப்புறம் நாலு வருஷம் அவள்தான் சாம்பியன். நாலு போட்டோவிலும் நஞ்சப்பர் இருக்கிறார், காரிலிருந்து பத்தடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.