சம்பந்தி வீட்டுக்கு நுரைக் காபி

ஒரு ஊர்ல ஒரு எஸ்பிரஸ்ஸோ மெஷின் இருந்துச்சாம். ராஜாவும் இல்ல, ராணியும் இல்ல, மெஷின்தான். கல்யாண வீட்ல புஸ்ஸுனு நுரையா காபி போடுவாங்களே, அதேதான். தென்காசியில பழைய சாமான் கடையில, உடைஞ்ச பீரோவுக்குப் பின்னாடி துருப்பிடிச்சுக் கெடந்துச்சு. அத்தை சொல்லச் சொல்ல நீ "ம்" போடணும். போடு பாப்போம். ம்... அப்படித்தான்.

அதை செண்பகம்னு ஒருத்தி வாங்கி ஆட்டோல ஏத்திட்டு வந்தா. எதுக்குத் தெரியுமா? அவ கல்யாணத்துல காபி ஆறிப்போச்சு. புருஷனோட பெரியப்பா ஆவுடையப்பன்னு ஒரு மீசைக்காரர், ஒரு வாய் குடிச்சிட்டு மீதியை எல்லார் முன்னாடியும் கீழ ஊத்திட்டார். நம்ம பக்கம் சம்பந்தி சண்டை எல்லாம் காபியிலதானே ஆரம்பிக்கும்! செண்பகத்தோட அம்மா சமையக்கட்டுக்குள்ள போய் அழுதா. அதுக்கப்புறம் அந்த வீட்டு ஆளுங்களைப் பாத்தாலே தலையைக் குனிஞ்சுக்குவா. இப்போ தங்கச்சி உலகம்மாளையும் அதே வீட்ல, செண்பகத்தோட கொழுந்தனுக்கே குடுக்கறாங்க. அம்மாவுக்கு ராத்திரியெல்லாம் அதே கவலை. செண்பகம் மனசுல ஒண்ணுதான். அம்மா இந்தத் தடவை தலை நிமிந்து நிக்கணும்.

கண்ணு சொருகுதே! "ம்" எங்க?

அப்புறம் என்னாச்சு, மெஷினைப் பளபளன்னு தேய்ச்சு, தண்ணி ஊத்தி, சுவிட்சைப் போட்டா. சொட்டு, சொட்டு, சளசளன்னு வீடு பூரா தண்ணி. உள்ள இருந்த ரப்பர் வளையம் அப்பளமா நொறுங்கிப் போயிருந்துச்சு. அதை அளவெடுத்துட்டுப் போய், ரப்பர் சாமான் கடைக்காரனைப் பாடாப் படுத்தி, புது வளையம் வெட்டி வாங்கி மாட்டினா. ஒழுகறது நின்னுச்சு.

ஆனா ஆவி வரணுமே? ம்ஹூம். தெறந்து பாத்தா, போர் தண்ணி உப்பு உள்ள தேங்காய் ஓடு கனத்துக்கு ஒட்டியிருக்கு. அப்போ நம்ம செண்பகம் ஒரு காரியம் பண்ணா பாரு! பித்தளைக் குடத்துக்குப் புளி போட்டுத் தேய்க்கற கை இல்லையா, ஒரு உருண்டைப் புளியைக் கரைச்சு, கொட்டையும் நாருமா மெஷினுக்குள்ள ஊத்திட்டா. குழாய் கப்புனு அடைச்சுக்கிச்சு. புருஷன் விழுந்து விழுந்து சிரிச்சான். சிரிக்க மட்டும் நல்லாத் தெரியும் அவனுக்கு. அம்மா மெதுவா சொன்னா, "விட்டுரும்மா, இன்னொரு தடவை தலைகுனியறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல."

செண்பகத்துக்கு அழுகை முட்டுச்சு. ஆனா விடலையே! ஈர்க்குச்சியால குத்திக் குத்தி நாரையெல்லாம் எடுத்தா. அப்புறம் எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு, நல்லா வடிகட்டி, தண்ணியில கலந்து உள்ள ஊற வெச்சா. மறுநாள் கவுத்தா, கலகலகலன்னு உப்பு கட்டி கட்டியா விழுது!

அப்போ ஆவி வந்துச்சு, புஸ்ஸ்ஸ்! பாலுக்குள்ள குழாயை விட்டா, பால் பறந்து போய் சிரிச்சவன் மூஞ்சியிலயே அடிச்சுது. நல்லா வேணும். அப்புறம்தான் செண்பகம் காதைத் தீட்டிக்கிட்டா. குழாய் ஆழமாப் போனா கர்ர்ர்னு கத்துது, மேலாப்புல இருந்தா தெறிக்குது, நுனி மட்டும் முங்கினா ஷ்ஷ்ஷ்னு பட்டு கிழியற சத்தம். அந்தச் சத்தம் வந்தா நுரை வரும். தூக்கத்துலகூடக் கை அப்படியே பிடிக்கற அளவுக்குப் பழகிட்டா. ம் சொல்லு.

கல்யாணமும் வந்துச்சு. டிகாக்‌ஷன் அம்மா போட்டா, பாலை நுரைக்க வெச்சவ செண்பகம். ஷ்ஷ்ஷ்! கூட்டம் மொய்க்குது. ஆவுடையப்பனும் வந்தார். அம்மா சட்டுனு தூணுக்குப் பின்னாடி போயிட்டா.

செண்பகம் ஒரு கப் நீட்டினா. வாங்கினார், குடிச்சார். மீசையெல்லாம் நுரை. கப்போட அப்படியே நடந்து போயிட்டார். இந்தத் தடவையும் கீழ ஊத்தறாரோன்னு செண்பகம் எட்டி எட்டிப் பாத்தா. கொஞ்ச நேரத்துல திரும்பி வர்றார், கையில காலிக் கப்பு.

"இன்னொண்ணு போடும்மா," அப்படின்னார்.

செண்பகம் குழாயை மூடிட்டு, தூணைக் கையால காட்டினா. "டிகாக்‌ஷன் எங்கம்மா கைப்பக்குவம் மாமா. அவங்ககிட்டயே கேளுங்க."

கூட்டமே பாக்குது. மனுஷன் தூணுக்குப் பின்னாடி போய் நின்னு, ரெண்டு கையாலயும் கப்பை நீட்டி, "சம்பந்தியம்மா, இன்னொரு காபி கிடைக்குமா?" அப்படின்னார்.

அம்மா தலையை நிமித்தி அவர் மூஞ்சியை நேராப் பாத்தா. "வரிசையில வாங்க அண்ணாச்சி. உங்களுக்கு முன்னாடி பெரியவங்க நிக்கறாங்க."

நின்னாரே! மீசையைத் தடவிக்கிட்டே கடைசி ஆளா நின்னாரே! அம்மா அன்னிக்குப் பூரா மெஷின் பக்கத்தை விட்டு நகரவே இல்ல.

சுவிட்சை அணைச்சாச்சு, மெஷினும் ஆறிப்போச்சு, கதையும் ஆறிப்போச்சு. கண்ணை மூடுடா தங்கம்.