முதலாளி கோத்த நூல்

"மேடையேறி, முதலாளி இந்த ஓவர்லாக் மிஷின்ல மணிக்கு இருநூறு பீஸ் அடிச்சதைக் கண்ணால பார்த்தேன்னு சொல்லு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே" என்று டெய்லர் சடையப்பனை மேனேஜர் மிரட்டினான்.

திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அன்று வெள்ளிவிழா. முதலாளி பாலதண்டபாணி மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தார். தலைவன் என்றால் அடிமட்டத்திலிருந்து வந்தவனாம். அவரும் டெய்லராக இருந்தவராம். அதனால் நாளை முதல் எல்லாரும் மணிக்கு இருநூறு அடிக்க வேண்டுமாம், முடியாதவர்கள் வீட்டுக்குப் போகலாமாம். ஜெயித்தவன் சொன்னால் பொய்க்கும் கைதட்டுகிறார்கள்.

சடையப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காட்டிக்கொள்ளாமல் மேடையேறி மைக்கை வாங்கினான்.

"நான் சொன்னா யாருங்க நம்புவாங்க? மிஷின் இங்க மேடையிலயே இருக்குது. நூல்தான் அறுந்துபோச்சு. ஐயாவே கோத்து ஒரு பீஸ் அடிச்சுக் காட்டட்டுங்க."

விருந்தினர்கள் ஆரவாரித்தார்கள். வேறு வழியில்லாமல் முதலாளி உட்கார்ந்தார். மிஷினில் தொங்கிய பழைய நூல் முனைகளைக் குப்பை என்று உருவி எறிந்தார்.

டெய்லர் பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஒரு வாரம் தைத்தவர்கூட அந்த முனையை விடமாட்டார். புது நூலை அதில் முடிச்சுப் போட்டு இழுத்தால் போதும், எல்லா ஓட்டையிலும் தானாகப் போய்விடும். இவரோ முதல் ஓட்டையையே கால்மணி நேரம் தேடினார்.

"மைக்கை அணைச்சுட்டு இறங்குடா" என்று மேனேஜர் பல்லைக் கடித்தான்.

சடையப்பன் அணைக்கவில்லை. முன்வரிசையில் இருந்த டெய்லர் ராசாத்தியிடம் அதை நீட்டினான். "மணிக்கு எத்தனை முடியும்னு நீங்க சொல்லுங்கக்கா."