அமைச்சர் ஏற்றுக்கொண்ட பொறுப்பு

குரவைபுரத்து மன்னர் சித்திரசேனருக்கு ஒரு கையில் செங்கோல், மறு கையில் செல்போன். அவருடைய முகநூல் பக்கத்தைப் பின்தொடர்ந்தவர்கள் அரண்மனைக் காவலர்கள் மட்டுமே. அதுவும் சம்பளத்துக்காக.

ஏரிக்கரைப் பெண்களின் பக்கத்தையோ லட்சம் பேர் பார்த்தார்கள். ஏரியை மூடியிருந்த ஆகாயத்தாமரையை அந்தப் பெண்கள் தினமும் விடியலில் இறங்கி அகற்றுவார்கள். அதை நேரலையில் காட்டுவார்கள். காய்ந்த தண்டில் கூடை பின்னி அந்தப் பக்கத்திலேயே விற்பார்கள். ஏரியும் பிழைத்தது, அவர்களும் பிழைத்தார்கள்.

அமைச்சர் வில்லவராயருக்கு இது பொறுக்கவில்லை. காலை வணக்கத்தோடு ரோஜாப்பூ படம் போடுவதுதான் அவருடைய நாட்டுப்பணி.

"மன்னா, பாவம், பெண்களுக்கு இதெல்லாம் பாரம். அவர்கள் முன்னேற்றத்துக்காக அந்தப் பக்கத்தை நானே சுமக்கிறேன்."

மன்னர் உருகிப்போனார். "இனி அந்தப் பக்கத்தில் நடப்பதெல்லாம் அமைச்சர் பொறுப்பு" என்று ஆணையிட்டார்.

பெண்களின் தலைவி பொற்கிளி, அவையில் வாய்த்திறமைக்குப் பேர்போன செங்கமலையிடம் வந்தாள். "பேரு அவருக்கு, சேறு எங்களுக்கா அக்கா? பக்கம் போனா கூடையை எங்கே விப்போம்?"

"ஆணையை யாரும் மீற வேண்டாம். நாளைக்கு எல்லாரும் கரையிலேயே நில்லுங்கள்" என்றாள் செங்கமலை.

மறுநாள் விடியலில் மன்னரையும் அமைச்சரையும் ஏரிக்கு அழைத்து வந்தாள்.

"இறங்குங்கள் அமைச்சரே. நேரலை தொடங்கிவிட்டது."

"நானா? எதற்கு?"

"பக்கத்தில் நடப்பதெல்லாம் உங்கள் பொறுப்பாயிற்றே. இந்த நேரத்தில் அங்கே நடப்பது இதுதான்."

மன்னர் தலையாட்டினார். ஆணை அவருடையது, வேறு வழியில்லை.

பட்டு வேட்டியோடு இறங்கினார் அமைச்சர். ஒரு கொடியைப் பிடித்து இழுத்தார். கொடி வரவில்லை; அவர்தான் கொடியிடம் போனார். இடுப்பளவு சேற்றில் சிக்கிக்கொண்டார். "அண்ணே, கூடை எப்போ வரும்?" என்று நேரலையில் யாரோ கேட்டிருந்தார்கள்.

பெண்களைக் கைதூக்கிவிடப் புறப்பட்டவரை, கடைசியில் நாலு பெண்கள் சேர்ந்து கைதூக்கிவிட்டார்கள்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு மன்னர் கேட்டார்: "என்ன அமைச்சரே, தொடர்ந்து சுமக்கிறீர்களா?"

சேற்றைத் துப்பிவிட்டு வில்லவராயர் சொன்னார்: "பக்கத்தை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள் மன்னா. பெண்கள் முன்னேற்றம் என்றால் மேடை இருக்கும், மாலை இருக்கும் என்றுதான் நினைத்தேன். நடுவில் வேலையும் இருக்கும் என்று எனக்கு யாருமே சொல்லவில்லை."